பழைய டிடிடியிலிருந்து ஜாட்ஸுக்கு: எந்த டேக் எதற்குப் பொருந்தும் என்பதைத் தானாகவே கண்டுபிடிக்க முடியுமா?

பெருங்குடி செல்வி

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். விவரம் சொல்லாமல் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும் என்பதால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

சென்னையில் ஆய்விதழ்களுக்கு டைப்செட்டிங்கும் எக்ஸ்எம்எல் (உரையின் பகுதிகளை டேக் போட்டுக் குறிக்கும் வடிவம்) கன்வர்ஷனும் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், டீமில் நாலு பேர். வெளிநாட்டு மருத்துவச் சங்கம் ஒன்று தன் ஆய்விதழின் பழைய இதழ்கள் எல்லாவற்றையும் ஜாட்ஸ் வடிவத்தில், அதாவது ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான பொதுவான எக்ஸ்எம்எல் டேக் தொகுப்பில், கேட்டிருக்கிறது. 1997 முதல் 2011 வரை, 4,200 கட்டுரைக்குக் கொஞ்சம் மேல். ஜாட்ஸாக ஒரு தடவை வைத்துக்கொண்டால் இணையப் பக்கம், இபப் மின்னூல், காப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய கோப்பு எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம்.

சிக்கல் மூலக் கோப்புகளில் இருக்கிறது. முதல் சில வருடங்கள் எஸ்ஜிஎம்எல் (எக்ஸ்எம்எல்லுக்கு முந்தைய வடிவம்), ஐஎஸ்ஓ 12083 டிடிடியை, அதாவது எந்த டேக் எங்கே வரலாம் என்ற விதிக் கோப்பை, எடுத்துத் தங்களுக்கு வேண்டியபடி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அப்புறம் எக்ஸ்எம்எல்லுக்கு மாறியிருக்கிறார்கள், 2005 வாக்கில் டிடிடியை இன்னொரு முறை மாற்றியிருக்கிறார்கள். ஆக மூன்று வகை. அதை எழுதியவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை, விளக்கக் குறிப்பு என்று இரண்டு பக்கம்தான் வந்தது.

இரண்டு ஸ்கீமாவையும் (டிடிடி மாதிரியான விதிக் கோப்புகள்) கொடுத்தால் தானாகப் பொருத்தி, ஒரு எக்ஸ்எம்எல்லை இன்னொன்றாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி நிரலும் எழுதிக் கொடுக்கிற டூல் இருக்கும், தேடிப் பாருங்கள் என்று மேனேஜர் சொல்கிறார். நானே பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி, பெயர் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துப் பொருத்திப் பார்த்தேன். 'பாரா' என்பதை 'பி' என்று பிடித்தது, 'ஆப்ஸ்ட்ராக்ட்' சரியாக வந்தது, கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது. அடுத்து 'டைட்டில்' என்ற எலிமென்டை (டேக்கால் குறித்த பகுதியை) கட்டுரைத் தலைப்போடு பொருத்தியது. மூலத்தில் அந்தப் பெயர் நாலு இடத்தில் வருகிறது: கட்டுரைக்கு, பகுதிக்கு, அட்டவணைக்கு, அப்புறம் ஆசிரியரின் பெயருக்கு முன்னால் வரும் 'டாக்டர்', 'பேராசிரியர்' பட்டத்துக்கும். விளைவாகச் சில கட்டுரைகளில் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் 'டாக்டர்' என்று மட்டும் நின்றது.

இதற்கு நம்பத்தகுந்த டூல் உண்டா? இல்லையென்றால் அனுபவம் உள்ளவர்கள் இந்த அளவு வேலையை எப்படிச் செய்கிறீர்கள்? எனக்குக் கொடுத்திருக்கிற நேரம் மூன்று மாதம்.

பழைய அச்சுக்கூடம்

வணக்கம் செல்வி. நான் 1999-இல் எஸ்ஜிஎம்எல் கன்வர்ஷனில் ஆரம்பித்தவன், இதே மாதிரி வேலை ஏழெட்டுத் தடவை செய்திருக்கிறேன். இரண்டு டிடிடியைக் கொடுத்து முடித்த எக்ஸ்எஸ்எல்டியை வாங்கிக்கொள்ளும் டூல், உங்கள் கோப்பு மாதிரியானவற்றுக்கு, நான் பார்த்த வரையில் இல்லை. பாதி வேலையைத் தானாகச் செய்ய வைக்கலாம், ஆனால் எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் டிடிடியை மூடி வையுங்கள். டிடிடி சொல்வது என்னென்ன வரலாம் என்பதை. உங்களுக்கு வேண்டியது என்னென்ன வந்திருக்கிறது என்பது. 4,200 கோப்பையும் வரிசையாகப் படித்து, ஒவ்வொரு எலிமென்டும் வேரிலிருந்து எந்தப் பாதையில் வருகிறது, எத்தனை தடவை, எத்தனை கோப்பில், அதனுள் இருக்கும் உரைக்கு மூன்று நாலு மாதிரி என்று ஒரு பட்டியல் எடுங்கள். டேக்குக்குள் கூடுதல் விவரம் சொல்லும் ஆட்ரிபியூட்டுகளுக்கும் இதே கணக்கு வேண்டும். பைத்தான் தெரியும் என்கிறீர்கள், அரை நாள் வேலை. இந்தப் பட்டியலில் 'டைட்டில்' ஒரு வரியாக இருக்காது, 'கட்டுரை-முன்பகுதி-டைட்டில்' ஒரு வரி, 'ஆசிரியர்-டைட்டில்' இன்னொரு வரி, மாதிரியைப் பார்த்ததுமே எது பட்டம் எது தலைப்பு என்று தெரிந்துவிடும். அதாவது நீங்கள் பொருத்த வேண்டியது பெயரைப் பெயரோடு இல்லை, பாதையைப் பாதையோடு. டிடிடியில் முந்நூறு எலிமென்ட் அறிவித்திருந்தாலும் பயன்பாட்டில் பாதிகூட இருக்காது, நான் செய்த ஒவ்வொரு வேலையிலும் அப்படித்தான் இருந்தது. வராத எலிமென்டுக்கு டெம்ப்ளேட் (எக்ஸ்எஸ்எல்டியில் அதை எப்படி மாற்றுவது என்ற விதி) எழுதி நாட்களை வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆரம்பத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன்.

அடுத்தது சோதனைக்கு எந்தக் கோப்புகளை எடுப்பது. கண்ணை மூடிக்கொண்டு நூறு கோப்பு எடுத்தால் நூறும் ஒரே மாதிரி ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்து நிற்கும், இரங்கல் குறிப்பு, பிழைத்திருத்தம், ஆசிரியருக்குக் கடிதம் எதுவும் சிக்காது. அதற்குப் பதில் பாதைப் பட்டியலை வைத்தே தேர்ந்தெடுங்கள். அதிக வகைப் பாதைகள் உள்ள ஒரு கோப்பை முதலில் எடுங்கள், பிறகு அதில் இல்லாத புதுப் பாதைகள் எதில் அதிகமோ அதை எடுங்கள், இப்படியே எல்லாப் பாதையும் ஒரு தடவையாவது வரும் வரை. ஆயிரக்கணக்கான கோப்புகள் ஐம்பது அறுபதாகச் சுருங்கிவிடும். அந்த ஐம்பதை மட்டும் உட்கார்ந்து கண்ணால் பாருங்கள்.

மூன்றாவது, இது முக்கியம். எக்ஸ்எஸ்எல்டியில் நீங்கள் டெம்ப்ளேட் எழுதாத எலிமென்ட் வந்தால் அது பிழை சொல்லாது. டேக்கை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் உரையை அப்படியே கொட்டும், ஆட்ரிபியூட் சத்தமில்லாமல் போய்விடும். 1999-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் வழக்கம் இது. 2017-இல் வந்த 3.0-இல் 'மோட்' அறிவிப்பில் பொருத்தம் கிடைக்காவிட்டால் நின்றுவிடு என்று சொல்ல வழி கொடுத்திருக்கிறார்கள், எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் சாக்ஸன் மென்பொருள் அதை ஆதரிக்கிறது. முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். ஓட்டம் நூறு தடவை நிற்கும், எரிச்சலாக இருக்கும், பரவாயில்லை. நிற்கிற ஒவ்வொரு இடமும் நீங்கள் முடிவெடுக்காமல் விட்ட இடம்.

கடைசியாக மூலத்திலும் விளைவிலும் டேக் எல்லாவற்றையும் உருவிவிட்டு வெறும் உரையை ஒப்பிடுங்கள். எழுத்து குறைந்தால் எங்கோ விழுங்கியிருக்கிறது, கூடினால் எதையோ இரண்டு தடவை எழுதியிருக்கிறது. 4,200-க்கும் இதை ஓட்டலாம், கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை.

யாழ் நிரலி

செல்வி அக்கா, நான் யாழ்ப்பாணம். முதுகலைக்கு ஸ்கீமா பொருத்தத்தில்தான் ஆய்வு செய்தேன், அதனால் டூல் பற்றிய பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேலே அண்ணா சொன்ன முறை சரி, அது ஏன் சரி என்பதற்கு ஆய்வுலகத்திலும் காரணம் இருக்கிறது.

இந்தத் துறை தரவுத்தளக்காரர்களிடமிருந்து வந்தது. 2001-இல் எர்ஹார்ட் ராம், ஃபிலிப் பெர்ன்ஸ்டைன் இருவரும் அதுவரை வந்த முறைகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள், இன்றும் அதிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பெயரைப் பார்த்துப் பொருத்துவது ஒரு வகை, உங்கள் பைத்தான் செய்தது அது. அமைப்பைப் பார்த்துப் பொருத்துவது இன்னொன்று. உள்ளே இருக்கும் தரவையே பார்த்துப் பொருத்துவது மூன்றாவது, அண்ணா மாதிரி உரையோடு பட்டியல் எடுக்கச் சொன்னது அந்த வகைக்குள் வரும். அடுத்த வருடம் செர்கே மெல்னிக், ஹெக்டர் கார்சியா-மொலினா, ராம் மூவரும் ஒரு அழகான முறையைக் கொடுத்தார்கள். இரண்டு ஸ்கீமாவையும் வலைப்படமாக வரைந்துகொள்வது, இரண்டு முனைகள் ஒத்திருந்தால் அவற்றின் அயல் முனைகளும் ஒத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று வைத்து, அந்த ஒற்றுமையை ஒரு முனையிலிருந்து அடுத்ததற்குப் பரவ விடுவது, மதிப்புகள் அசையாமல் நிற்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப. பெயர் வேறாக இருந்தாலும் இருக்கும் இடத்தை வைத்துப் பிடித்துவிடும்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அவர்கள் அளந்த விதம். எத்தனை பொருத்தம் சரி என்று மட்டும் பார்க்காமல், தவறானதை நீக்கி விட்டதைச் சேர்க்க மனிதருக்கு எவ்வளவு வேலை மிச்சமாகிறது என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்குப்படி, டூல் சொல்லும் பொருத்தங்களில் பாதிக்கு மேல் தவறென்றால் மதிப்பு பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், டூலைத் தொடாமல் கையால் செய்வது மேல். உங்கள் மேனேஜருக்கு இதைச் சொல்லலாம்.

ஆனால் இரண்டு விஷயம் வடிவாக விளங்க வேண்டும். ஒன்று, எது எதற்குப் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது வேறு, எப்படி மாற்றுவது என்பது வேறு. உங்கள் பழைய கோப்புகளில் அட்டவணைகள் கால்ஸ் என்ற பழைய அட்டவணைக் குறியீட்டு முறையில் இருக்கலாம், ஜாட்ஸில் பெரும்பாலும் இணையப் பக்கங்களில் வரும் எக்ஸ்எச்டிஎம்எல் அட்டவணை. கால்ஸில் 'மோர்ரோஸ்' என்ற ஆட்ரிபியூட், எக்ஸ்எச்டிஎம்எல்லில் 'ரோஸ்பேன்'. எந்த நல்ல பொருத்தியும் இந்த இரண்டையும் சேர்த்துவிடும், சேர்த்தது சரியும்கூட. ஆனால் முதலாவது ஒரு கட்டம் கீழே இன்னும் எத்தனை வரிசைக்கு நீள்கிறது என்று சொல்கிறது, இரண்டாவது மொத்தம் எத்தனை வரிசை என்று. மதிப்பு 2 என்றால் 3 ஆக வேண்டும். அப்படியே நகலெடுத்தால் அட்டவணை முழுக்கச் சரிந்துவிடும். பொருத்தத்திலிருந்து மாற்றத்தை உருவாக்குவதில் பெரிய முயற்சி ஐபிஎம் அல்மடேன் ஆய்வகமும் டொரன்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த க்ளியோ, திரையில் கோடு இழுத்தால் தரவை மாற்றும் வினவலை அதுவே எழுதும். அதிலும் கோடு சரிதானா என்று பார்ப்பது மனிதர்தான்.

இரண்டாவது, இவை எல்லாம் கொள்முதல் ஆணை, வாடிக்கையாளர் பதிவு மாதிரியான தரவுகளை மனதில் வைத்துச் செய்தவை. ஆய்வுக் கட்டுரை அப்படி இல்லை, ஒரு பத்தியின் நடுவில் சாய்வெழுத்து, அதற்குள் மேற்கோள் எண், பிறகு திரும்பவும் உரை. அந்தக் கலவைக்கு இந்த டூல்கள் சரிவராது. கட்டுரையின் தலைப்பகுதிக்கு மட்டும், அதாவது ஆசிரியர், நிறுவனம், தேதி, தொகுதி எண் இவற்றுக்கு, பரிந்துரைப் பட்டியல் எடுக்கப் பயன்படுத்தலாம்.

கோவை குமரன்

2001 கட்டுரை எல்லாம் சரி, ஆனால் இப்போது ஏஐ மாடல்கள் வந்துவிட்டனவே, பழைய கோப்பைக் கொடுத்து ஜாட்ஸாக்கித் தா என்றால் தந்துவிடுகிறது, நான் இருபது கோப்பு முயன்று பார்த்தேன், நன்றாகவே இருந்தது. 4,200 என்பது பெரிய எண் இல்லை. மூன்று மாதத்தை இதில் ஏன் போட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

பழைய அச்சுக்கூடம்

குமரன், இருபது நன்றாக இருந்தது என்பதை நம்புகிறேன். இதன் ஆபத்தை நான் பார்ப்பது இப்படி. எக்ஸ்எஸ்எல்டியில் தவறு செய்தால் அதே தவறு அதே மாதிரி இடம் எல்லாவற்றிலும் வரும், ஒன்றைக் கண்டுபிடித்தால் எல்லாம் கிடைத்தது, ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினால் எல்லாம் சரி. மாடல் ஒவ்வொரு கோப்பையும் புதிதாக எழுதுகிறது. 3,117-ஆவது கோப்பில் ஒரு அட்டவணையில் 0.05 என்பது 0.5 ஆகியிருந்தால் அது அங்கே மட்டும்தான் இருக்கும், எங்கே தேடுவீர்கள்? இது மருத்துவ இதழ் என்று செல்வி சொல்லியிருக்கிறார்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதைப் பட்டியலையும் மாதிரி உரைகளையும் கொடுத்து, ஜாட்ஸில் இதற்கு எது பொருந்தும், ஏன் என்று கேளுங்கள். நிரலி சொன்ன பரிந்துரை வேலையை இது நன்றாகச் செய்யும், பெயர்ச் சுருக்கங்களைக்கூட ஊகித்துவிடும். டெம்ப்ளேட்டின் முதல் வரைவையும் எழுதச் சொல்லலாம். நீங்கள் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட நிரல் கோப்புகளைத் தொடட்டும். மாடல் நேரடியாகக் கட்டுரையின் உரையைத் தொட வேண்டாம், அவ்வளவுதான்.

கோவை குமரன்

சரி, அட்டவணை எண் பற்றிச் சொன்னது யோசிக்க வைத்தது. என் இருபதையும் உரை ஒப்பிட்டுப் பார்த்தேன். எண் எதுவும் மாறவில்லை, ஆனால் இரண்டு கோப்பில் ஆங்கில எழுத்துப்பிழையைக் கேட்காமலே திருத்தி வைத்திருக்கிறது. நல்லது என்று தோன்றலாம், ஆனால் அச்சில் வந்த கட்டுரையில் இல்லாத சொல் காப்பகத்தில் இருக்கும். மேப்பிங் பரிந்துரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதை ஏற்கிறேன்.

பெருங்குடி செல்வி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. பட்டியல் எடுத்துவிட்டேன். மூன்று டிடிடியும் சேர்த்து 312 எலிமென்ட், பயன்பட்டது 141. வெவ்வேறு பாதை என்று எண்ணினால் 1,900-க்கு மேல் வந்தது, முதலில் பயந்துவிட்டேன், ஆனால் பெரும்பாலானவை பட்டியலுக்குள் பட்டியல், பத்திக்குள் சாய்வெழுத்து என்று ஒன்றின் மேல் ஒன்றாக வந்தவை, கடைசி இரண்டு மூன்று படிகளை மட்டும் வைத்துப் பார்த்தபோது நானூற்றுச் சொச்சமாகச் சுருங்கியது. எல்லாப் பாதையையும் தொட 47 கோப்பு போதும் என்று வந்திருக்கிறது. மேனேஜரிடம் இந்த எண்ணைக் காட்டியதும் டூல் பேச்சை விட்டுவிட்டார்.

இப்போது இரண்டு இடத்தில் தடுமாறுகிறேன். பழைய எஸ்ஜிஎம்எல்லில் ரெஃபரன்ஸ் ஒவ்வொன்றும் ஒரே சரமாக இருக்கிறது, ஆசிரியர், ஆண்டு, பக்கம் எதுவும் பிரிக்கப்படவில்லை. 2005-க்குப் பிறகு எல்லாம் பிரித்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டுமா? இன்னொன்று ஆசிரியர் பெயர். முன்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு டேக் மூலத்திலும் இருக்கிறது, ஜாட்ஸிலும் இருக்கிறது, நேராகப் பொருந்துகிறது. ஆனால் இந்திய ஆசிரியர்கள் வரும் இடத்தில் குடும்பப்பெயர் டேக்குக்குள் வெறும் 'ஆர்' என்று ஒரு எழுத்து நிற்கிறது.

மலர்விழி நூலகம்

நான் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்விதழ்ப் பதிவுகளைப் பார்க்கிறவள். பெயர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த 'ஆர்' கடைசியில் எங்கள் தேடல் திரையில்தான் வந்து நிற்கிறது.

நம் பெயரில் குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. ஆர். முருகன் என்றால் ஆர் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. சிலர் முருகன் ஆர் என்று பின்னால் போடுவார்கள். அன்றைக்கு டேக் போட்டவர்கள் கடைசியாக வருவதைக் குடும்பப்பெயர் என்று வைத்துவிட்டார்கள். அதனால் ஒரே மனிதர் ஒரு கட்டுரையில் முருகன் என்றும் இன்னொன்றில் ஆர் என்றும் வரிசைப்படுத்தப்படுகிறார், அவர் எழுதியவை ஒன்றாகச் சேர்வதில்லை. மூன்று வருடம் முன்பு ஓய்வு பெறப் போகிற பேராசிரியர் ஒருவர் தன் கட்டுரைகளின் பட்டியல் கேட்டு வந்தார், அவர் எழுதியதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அவர் பெயரில் தேடினால் கிடைக்கவில்லை. இதை நீங்கள் இப்போது சரிசெய்ய முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஜாட்ஸில் இதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். 'நேம்' எலிமென்டில் 'நேம்-ஸ்டைல்' என்று ஒரு ஆட்ரிபியூட் உண்டு, மேற்கத்திய முறை, கிழக்கத்திய முறை, ஐஸ்லாந்து முறை, முன்பெயர் மட்டும் என்று மதிப்புகள் கொடுக்கலாம். எதுவும் கொடுக்காவிட்டால் மேற்கத்திய முறை என்று எடுத்துக்கொள்ளும். எதிலும் அடங்காத பெயருக்கு 'ஸ்ட்ரிங்-நேம்' இருக்கிறது, பெயரை அச்சில் உள்ளபடியே வைக்கலாம். நீங்கள் செய்யக்கூடியது, குடும்பப்பெயருக்குள் ஒற்றை எழுத்தோ புள்ளி வைத்த எழுத்துகளோ மட்டும் இருந்தால் எடுத்துக்காட்டும்படி ஸ்கீமட்ரானில் (எக்ஸ்எம்எல் கோப்பைச் சோதிக்கும் விதிகளுக்கான மொழி) ஒரு விதி எழுதுவது. அப்படி எழுபது எண்பது பெயர் வந்தால் கையால் பார்த்துவிடலாம். தானாகத் திருப்பிப் போடும்படி மட்டும் எழுதாதீர்கள், சீனப் பெயர்களில் ஒற்றை எழுத்துக் குடும்பப்பெயர் உண்மையாகவே வரும், ஆங்கிலத்தில் 'E' என்று எழுதுவது போல.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லாததால் சொல்கிறேன். உரையை ஒப்பிட்டால் போதும் என்று மேலே வந்திருக்கிறது. 1990-களின் கோப்புகளில் கிரேக்க எழுத்துக்கு சிம்பல் எழுத்துருவைப் பயன்படுத்தியிருப்பார்கள். அந்த எழுத்துருவில் ஆங்கில எம் எழுத்தைத் தட்டினால் மியூ தெரியும். கோப்பில் இருப்பது எம் எழுத்தும் அதைச் சுற்றி ஒரு ஃபான்ட் டேக்கும்தான். அந்த டேக்கைக் கழற்றினால் மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு. உரை ஒப்பீட்டில் இது தெரியாது, இரண்டு பக்கமும் அதே எம்தானே. மருந்தளவு பற்றிய இதழில் இதை நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

பழைய அச்சுக்கூடம்

மலர்விழி அம்மா சொன்னது முழுக்கச் சரி, நான் சொல்ல விட்டது என் தவறு. மேற்குறி எழுத்துக்கும் இதேதான், பத்தின் ஆறாம் அடுக்கு நூற்றாறு ஆகிவிடும், உரை ஒப்பீடு சரி என்றே சொல்லும். ஆகவே செல்வி, ஒப்பிடும்போது டேக் எல்லாவற்றையும் உருவ வேண்டாம். மேற்குறி, கீழ்க்குறி, ஃபான்ட் மாற்றம் இந்த மூன்றையும் ஏதாவது ஒரு அடையாளக் குறியாக உரைக்குள்ளேயே வைத்து, மீதியை மட்டும் உருவி ஒப்பிடுங்கள். சிம்பல் எழுத்துகளை ஜாட்ஸுக்குப் போகும் முன்பே தனி ஓட்டமாக யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், சிம்பல் அட்டவணை நிலையானது, ஒரு தடவை எழுதினால் போதும். பொதுவாகவே மூன்று டிடிடியிலிருந்தும் நேராக ஜாட்ஸுக்கு மூன்று பெரிய எக்ஸ்எஸ்எல்டி எழுத வேண்டாம். எஸ்ஜிஎம்எல்லை எக்ஸ்எம்எல் ஆக்குவது, எழுத்துருவைச் சரிசெய்வது, மூன்றையும் ஒரே பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது, கடைசியில் ஜாட்ஸ் என்று சின்னச் சின்ன ஓட்டமாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றின் விளைவையும் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கே கெட்டது என்று உடனே தெரியும்.

ரெஃபரன்ஸ் கேள்வி: ஒரே மாதிரி ஆக்க வேண்டாம். ஜாட்ஸுக்கு முந்தைய வடிவமான, 2008-இல் வந்த என்எல்எம் 3.0-இலேயே இதற்காக இரண்டு எலிமென்ட் பிரித்துவிட்டார்கள், ஜாட்ஸிலும் அவை இருக்கின்றன. 'மிக்ஸ்டு-சைட்டேஷன்' என்பதில் காற்புள்ளி, அரைப்புள்ளி உட்பட அச்சில் உள்ளது அப்படியே நிற்கும், உள்ளே பிரித்த பகுதிக்கு டேக் போடலாம், போடாமலும் விடலாம். 'எலிமென்ட்-சைட்டேஷன்' முழுக்கப் பிரித்தவற்றுக்கு. பழையதை மிக்ஸ்டில் போடுங்கள், பிறகு நேரமும் பணமும் இருந்தால் ரெஃபரன்ஸைத் தானாகப் பிரிக்கும் க்ரோபிட் மாதிரி ஒரு மென்பொருளை வைத்துப் பிரிக்கலாம், அதை இந்த வேலைக்குள் இழுக்காதீர்கள். வாடிக்கையாளரிடம் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் கேட்பார்கள்.

யாழ் நிரலி

சிம்பல் விஷயம் எனக்கே புதிது. என் ஆய்வில் பயன்படுத்திய எந்த முறையும் இதைப் பிடித்திருக்காது, ஃபான்ட் டேக் வெறும் தோற்றத்துக்கு என்று எடுத்து, பொருத்தத்துக்கு வேண்டாதது என்று முதலிலேயே நீக்கிவிட்டுத்தான் தொடங்குவோம். செல்வி அக்கா, அந்தப் பாதைப் பட்டியல் நிரலைப் பகிர முடிந்தால் பகிருங்கள், கோப்புகள் வேண்டாம், நிரல் மட்டும். கடைசி மூன்று படிகளை வைத்துச் சுருக்கியது நல்ல யோசனை, அதன் மேல் ஒற்றுமை பரப்பும் முறையை ஓட்டிப் பார்க்க ஆசை.

பெருங்குடி செல்வி

நிரலை மேனேஜரிடம் கேட்டுவிட்டு நாளைக்குப் போடுகிறேன் தம்பி.

மலர்விழி அக்கா, படித்ததும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் தேடினேன். 1997-2001 கோப்புகளில் 386-இல் சிம்பல் ஃபான்ட் டேக் இருக்கிறது, அதில் எம் எழுத்து மட்டும் 2,000 இடத்துக்கு மேல். என் முதல் வரைவு எக்ஸ்எஸ்எல்டியில் அந்த டேக்குக்கு டெம்ப்ளேட்டே எழுதவில்லை. நின்றுவிடு என்ற அறிவிப்பையும் அன்றைக்கு நான் போட்டிருக்கவில்லை. சோதனைக்கு ஓட்டி வைத்திருந்த ஒரு கோப்பைத் திறந்து பார்த்தேன், குழந்தைகளுக்கான மருந்து பற்றியது, மைக்ரோகிராம் வர வேண்டிய ஏழு இடத்திலும் மில்லிகிராம். கை நடுங்கிவிட்டது. எங்கேயும் அனுப்பவில்லை, நல்ல வேளை.

இப்போது எழுத்துருவுக்கான ஓட்டம் தனியாக எழுதியாகிவிட்டது. ஒற்றை எழுத்துக் குடும்பப்பெயர் 94 வந்திருக்கிறது, நாங்கள் நாலு பேரும் பிரித்துக்கொண்டு பிடிஎஃப்போடு வைத்துப் பார்க்கிறோம். ரெஃபரன்ஸ் பற்றிச் சங்கத்துக்கு மின்னஞ்சல் போய்விட்டது. 47 கோப்பில் 31 இதுவரை நிற்காமல் ஓடுகிறது, மீதி பதினாறும் அட்டவணையில்தான் நிற்கிறது, அந்த மோர்ரோஸ் கணக்கை நாளைக் காலையில் எடுக்கிறேன்.